அமைதிப் பள்ளத்தாக்குப் பயணம் – 4: முக்காலி முதல் சைரந்திரி வரை

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி, அட்டப்பாடி வழியாகச் செல்லும் சாலை முந்தைய பகுதிகளில் போதிய அளவு விவரிக்கப்பட்டுவிட்டதாலும், அதன் வளைவுகளில் வியக்க இனி ஏதும் எஞ்சாததாலும், இப்பகுதி முக்காலியிலிருந்தே தொடங்குகிறது. பவானிக் கரையிலுள்ள இவ்வூரைத் தாண்டிப் பூங்காவுக்குள் சொந்த வாகனங்கள் செல்ல முடியாது. வனத்துறை ஏற்பாட்டிலான ஜீப்பில், வழிகாட்டியுடன், இருபது கிலோமீட்டருக்கு மேல் காட்டுப்பாதையில் சென்றே சைரந்திரியை அடைய வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் ஜீப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கப்படுவதால், தனியே வரும் பயணி முழுத் தொகையையும் தாமே கட்டுகிறார், அல்லது துணை சேரும்வரை தேநீர்க் கடையில் புட்டும் கடலைக்கறியும் உண்டு காத்திருக்கிறார். காத்திருப்பு வீணன்று. புட்டுடன் வருவது பதிமுகம் என்னும் மரத்தின் சீவலை இட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்பு வெந்நீர். எளிய கடையிலும் கேரளத்தார் காக்கும் இவ்வொழுங்கைத் தமிழ்நாட்டு நெடுஞ்சாலை உணவகங்கள் இன்னும் கற்கவில்லை.

மேலே செல்லச் செல்ல மழைக்காடு, அதாவது ஆண்டு முழுதும் இலையுதிராத ஈரக்காடு, அடர்கிறது. இங்கு வெடிப்பலா மரத்தின் முள் நிறைந்த காயைப் பிளந்து விதையை எடுத்துத் தின்னும் சிங்கவால் குரங்கு, கரிய முகத்தைச் சுற்றிய நரைத்த பிடரியுடன், ஜீப்பின் இரைச்சல் கேட்டு ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிடுகிறது.

இக்குரங்கின் பெயரே ஓர் அணையை நிறுத்திய இயக்கத்தின் அடையாளமாயிற்று. இப்பள்ளத்தாக்கின் ஆறான குந்திப்புழையின் குறுக்கே திட்டமிடப்பட்ட நீர்மின் அணைக்கு 1973இல் திட்டக் குழு ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 830 ஹெக்டேர் காடு மூழ்கவிருந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கமும், தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், கவிஞர் சுகதகுமாரி ஆகியோரும் எதிர்த்து நின்றபோது, குரங்குக்காக மின்சாரத்தை இழப்பதா என்ற ஏளனமே முதலில் பதிலாகக் கிடைத்தது. பரிஷத் உணர்ச்சியை மட்டும் நம்பாமல் திட்டத்தின் பொருளாதாரக் கணக்கையே கேள்விக்குள்ளாக்கியதுதான் அவ்வியக்கத்தின் வலிமை. இயற்பியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழுவின் ஆய்வுக்குப் பின் 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வென்றபின்னும் கண்காணிப்பு ஓயவில்லை: ஆற்றின் கீழ்ப்பகுதியில் பாத்திரக்கடவு என்ற புதிய நீர்மின் திட்டம் எழுந்ததையும், 2007இல் பூங்காவைச் சுற்றி இடைக்காப்பு மண்டலம் ஏற்கப்பட்டதையும் சேர்த்தே இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும்.

சைரந்திரியின் காவல் கோபுரத்திலிருந்து குந்திப்புழையின் பள்ளத்தாக்கு தெரிகிறது. தற்படம் எடுக்க முண்டியடிக்கும் கூட்டத்தில் அதைப் பார்ப்பவர் சிலரே. காட்டினுள் நெகிழிக்குத் தடை இருக்கிறது, ஆனால் முக்காலியில் பவானிக் கரையில் குப்பிகளை எறிவோரைத் தடுப்பார் இல்லை. அவ்வாறு எறிவோருள் கோவையிலிருந்து வருவோரும் உண்டு என்பதால் ஒன்றைச் சொல்லவேண்டியுள்ளது: அட்டப்பாடியைச் சுற்றித் தமிழ்நாட்டுக்கே திரும்பும் இந்தப் பவானி பில்லூர் அணையில் தேங்குகிறது, கோவையின் குடிநீரில் ஒரு பகுதி அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது.