கப்பலில் நமக்கு எந்த அறை?

கப்பல் என்றதும் நம் தோட்டத்துப் பெரியவர்கள் நினைவில் முதலில் எழுவது 'ரஜுலா'தான். 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரையில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. அதில் வந்தவர்களில் பெரும்பாலோர் 'டெக்' பயணிகள். அறை என்ற பேச்சே கிடையாது. பாய் விரிக்க ஓரிடம் கிடைத்தால் அதுதான் வீடு. டிரங்குப் பெட்டிதான் தலையணை. அதற்குப் பின் வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பல உயிர்களைப் பலிகொண்டது. பிழைக்க வந்தவர்களையும் ஊர் பார்க்கப் போனவர்களையும் சுமந்த அந்தக் கடல்வழிப் பயணம் அத்தோடு நின்றுபோயிற்று.

இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கப்பலேறுகிறார்கள், ஆனால் உல்லாசத்துக்காக! சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, கிள்ளான் துறைமுகம், பினாங்கு, புக்கெட் என்று தொட்டுத் திரும்பும் மூன்று நான்கு இரவுப் பயணங்கள். மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை, மகளுக்குக் கிளினிக்கில் வேலை, போனஸ் பணம் வந்திருக்கிறது. "பாட்டியை ஒரு தடவை கப்பலில் கூட்டிப் போவோமே" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டுமுன் ஒரு விஷயத்தை நன்றாக யோசியுங்கள். எந்த ஊருக்குப் போகிறோம், என்ன சாப்பாடு என்றெல்லாம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். எந்த அறை என்று மட்டும் கேட்பதில்லை.

கோலசிலாங்கூர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், எழுபத்தைந்தைத் தாண்டிய பாட்டி. பாட்டி சிறுபிள்ளையாய்த் தாயின் மடியில் ரஜுலாவில் வந்து இறங்கியவர். முகவர் ஒருவர் சொன்ன மிகக் குறைந்த விலையை நம்பி இரண்டு அறைக்குப் பணம் கட்டினார்கள். அறை எண் எதுவும் அப்போது தரப்படவில்லை. கப்பலேறிய பிறகு பார்த்தால் ஓர் அறை ஐந்தாம் தட்டில், மற்றொன்று பத்தாம் தட்டில், அதுவும் கப்பலின் மறுகோடியில். பாட்டியின் அறையில் சன்னல் இல்லை. நடக்க முடியாதவர் மூன்று நாளும் அந்தக் கட்டிலிலேயே கிடந்து, யார் கதவைத் திறந்தாலும் "விடிஞ்சிருச்சாய்யா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். திறந்த தட்டில் பாயில் படுத்து இரவெல்லாம் வானம் பார்த்து வந்தவர், அதைவிடப் பன்மடங்கு பெரிய கப்பலில் போயும் கடலைப் பார்க்கவில்லை. இதைக் கேட்ட நாளிலிருந்துதான் அறை விவரங்களைத் துருவித் துருவி விசாரிக்கலானேன்.

உல்லாசக் கப்பலில் அறைகள் நான்கு விதம். உள்ளறைக்குச் சன்னல் இல்லை, விலை குறைவு. அடுத்தது சன்னல் வைத்த வெளியறை. அதற்கும் மேலே பால்கனி அறை. கதவைத் திறந்தால் நாற்காலி போட்டுக் கடலைப் பார்க்கலாம். நான்காவது பெரிய சொகுசு அறை. அதன் விலையைக் கேட்டுவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

உள்ளறையை மட்டமென்று எண்ணிவிடாதீர்கள். இளம் வயதினருக்கு அதுவே போதும். குளியலறை உண்டு, குளிர்சாதனம் உண்டு, தூங்குவதற்கு இருட்டும் உண்டு. நீச்சல்குளம், மேடை நிகழ்ச்சி, சாப்பாட்டுக் கூடம் என்று பிள்ளைகள் அறைக்கே வரப்போவதில்லை. ஆனால் மூட்டு வலியால் அதிகம் நடக்காத அப்பாவோ அம்மாவோ பகலெல்லாம் அறையில்தான் இருப்பார்கள். வெளிச்சமும் காற்றும் அவர்களுக்குத்தான் வேண்டும். ஆகவே, பணம் கட்டுகிறவர் யாரென்று பார்க்காமல், அறையில் அதிக நேரம் இருக்கப் போகிறவர் யாரென்று பார்த்து அறையைப் பிடியுங்கள். என் யோசனை இது: பெரியவர்களுக்கு ஒரு பால்கனி அறை, பிள்ளைகளுக்கு, நடைபாதையின் எதிர்ப்பக்கத்தில் நேர் எதிரே ஓர் உள்ளறை. இரண்டு பால்கனி அறை எடுப்பதைவிடச் செலவு குறையும். கூப்பிட்டால் ஓடி வரலாம். இப்படி வேண்டுமென்று முகவரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லாமல் யாரும் செய்து தரமாட்டார்கள். கைக்குழந்தையும் வாண்டுகளும் இருக்கும் வீட்டார் மட்டும் பால்கனியைக் குறித்து ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள். கம்பித் தடுப்பு உயரமாகத்தான் இருக்கும். ஆனால் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறுவதற்குப் பிள்ளைகளுக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும்?

இனி, அந்தக் குடும்பம் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருவோம். பதிவு செய்யும்போது இரண்டு வழி உண்டு. ஒன்று, அறை எண்ணை நாமே தேர்ந்தெடுப்பது. மற்றொன்று, அறையின் வகையை மட்டும் சொல்லிவிட்டு, எண்ணைக் கப்பல் நிறுவனமே பிறகு ஒதுக்கட்டும் என்று விட்டுவிடுவது. இரண்டாவதில் விலை குறைவு. சில வேளை அதிர்ஷ்டத்தில் மேலான அறையும் கிடைப்பதுண்டு. ஆனால் கொடுத்த அறையை மாற்றிக் கேட்க நமக்கு உரிமையில்லை. கல்யாணமாகாத இளைஞர்கள் நாலுபேர் போனால் தாராளமாக அப்படிப் போகட்டும். வயதானவரோ குழந்தையோ இருந்து, இரண்டு அறை எடுக்கும் குடும்பம் ஒருகாலும் அந்த வழியில் போகக்கூடாது என்பேன்.

எண்ணை நாமே தேர்ந்தெடுக்க, தட்டு வாரியாக அறைகளைக் காட்டும் கப்பல் படம் ஒன்று உண்டு. முகவரிடம் கேளுங்கள், வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் கைபேசியிலேயே எடுத்துக் காட்டும். அதில் நம் அறையை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேல் தட்டில் என்ன இருக்கிறது, கீழ்த் தட்டில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். மேலே நீச்சல்குளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைமேல் கேட்கும். கீழே ஆட்டக்கூடமோ அரங்கமோ இருந்தால் நள்ளிரவு வரை 'டம் டம்'தான். மின்தூக்கிக்கு எதிர்த்தாற்போலிருக்கும் அறையும் வேண்டாம். அதிலிருந்து நாலைந்து கதவு தள்ளியிருந்தால் நல்லது. இந்தக் கப்பல்களில் பல 300 மீட்டருக்கு மேல் நீளம். கோடியிலே அறை கிடைத்தால் சாப்பிடப் போவதே ஒரு நிரை வெட்டிவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும்! மேலும் கீழும் படுக்கையறைத் தட்டுகள் இருக்க, நடுவில் அமைந்த அறைதான் அமைதியானது.

தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் வாளி இரண்டையும் காண்டாவில் மாட்டித் தோளில் தூக்கி நடந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கம்பின் இரண்டு முனையும் எம்பி எம்பித் தாழும். தோளில் படியும் நடுப்பகுதி அவ்வளவாக ஆடாது. கப்பலும் அப்படித்தான். முன்கோடியும் பின்கோடியும் ஏறி இறங்கும், நடுப்பகுதி அடங்கியிருக்கும். உயரத் தட்டைவிடத் தாழ்ந்த தட்டில் பக்கவாட்டு ஆட்டமும் குறைவு. எனவே கப்பலின் நடுவில், கூடியவரை கீழ்த் தட்டில் அறை கேளுங்கள். மலாக்கா நீரிணைக்குச் சுமத்ரா தீவு அரணாக நிற்பதால் அங்கே அலை பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கும். தென்சீனக் கடல் பக்கம் போகும் பயணமென்றால் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். புக்கெட் பக்கமென்றால் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. அந்த மாதங்களில் நடு அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

'நாலு பேர் அறை' என்றதும் நாலு கட்டில் வரிசையாகப் போட்டிருக்கும் என்று எண்ணவேண்டாம். இரண்டு கட்டில் கீழே. மற்ற இரண்டும் பெரும்பாலும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கிவிடும் மேற்படுக்கைகள், ஏணி வைத்து ஏறவேண்டும். சில அறைகளில் சோபாவே இரவில் கட்டிலாக விரியும். பாட்டியும் தாத்தாவும் ஏணியில் ஏறப்போவதில்லை. எத்தனை படுக்கை தரையோடு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளியலறை மிகச் சிறியது. வாசலில் தடுக்கும்படி ஒரு படியும் இருக்கும். தள்ளுவண்டியில் வருகிறவர்களுக்கென்று அகலக் கதவும் பிடிமானக் கம்பியும் வைத்த அறைகள் உண்டு. ஆனால் அவை கப்பலுக்குச் சிலதான்; முன்கூட்டியே கேட்டுப் பதிந்தால்தான் உண்டு.

பெரிய குடும்பங்கள் சீக்கிரம் பதிவு செய்யவேண்டியதற்குப் பலருக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது. ஆபத்து வேளையில் கப்பலின் எந்தப் பகுதியார் எங்கே கூடவேண்டும், எந்த உயிர்காப்புப் படகில் ஏறவேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்கான கணக்கு நிறைந்துவிட்டால், அங்கே அறை காலியாயிருந்தாலும் மூன்றாவது, நான்காவது ஆளை ஏற்கமாட்டார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் நிறைய வருவதால் இது சீக்கிரம் நிறைந்துவிடும். விடுமுறையில் விலையும் ஏறும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

விலையைப் பற்றியும் பேசிவிடுவோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் வெள்ளிக்கணக்கு பெரும்பாலும் ஓர் ஆளுக்கானது, அதுவும் இரண்டு பேர் ஓர் அறையில் தங்கினால். தனியாளாகப் போனால் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் வரும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைவதுண்டு. துறைமுகக் கட்டணமும் வரியும், ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பிடிக்கும் சேவைக் கட்டணமும் தனி. எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். சன்னல் அறை திடீரென்று மலிவாகக் கிடைத்தால், எதிரே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று கேளுங்கள். வெளிச்சம் வரும், கடல் தெரியாது. வெளிச்சம் மட்டும் போதுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். அறையில் மிச்சம் பிடித்த காசை அதே கப்பலின் சூதாட்டக் கூடத்தில் கொட்டிவிட்டு வருகிற அண்ணன்மாரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த அறையாயிருந்தால் என்ன?

இடப்பக்க அறையா, வலப்பக்க அறையா என்றும் சிலர் கேட்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வடக்கே பினாங்கை நோக்கிப் போகையில் நம் நாடு வலக்கைப் பக்கம். திரும்புகையில் இடக்கைப் பக்கம். ஆனால் பெரும்பாலும் இரவில்தான் ஓடுகிறது, இருட்டில் கரையா தெரியப்போகிறது? சிங்கப்பூர் வெளித்துறையில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் விளக்கு வரிசை இருக்கிறதே, அது கண்கொள்ளாக் காட்சி. அதற்கு மேல்தட்டுக்கு ஏறிப் போனால் இரண்டு பக்கமும் பார்க்கலாம், காசில்லாமல்.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவிலும் இருக்கவேண்டும். நம் பெயர்களில் 'ஏ/எல்', 'ஏ/பி' வருவதால் முன்பெயர் எது, தந்தை பெயர் எது என்று எழுதுகிறவர்கள் குழம்பிவிடுகிறார்கள். பதிவுத்தாள் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பெயரையும் கடப்பிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறை எண், தட்டு எண், ஓர் அறையில் எத்தனை பேர் என்பதும் அதில் இருக்கிறதா பாருங்கள். கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் பற்றிப் பல நிறுவனங்கள் கண்டிப்பான விதி வைத்திருக்கின்றன. பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். கட்டிய பின் வேண்டாமென்றால், புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும்.

கப்பலேறும் நாளில், பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வந்துசேர மாலையாகிவிடலாம். பாட்டியின் மருந்து, மூக்குக்கண்ணாடி, குழந்தையின் பால்மாவு, மாற்றுத் துணி ஒன்று, இவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.