வெறுந்தட்டு திரும்பாத ஊர்

காரைக்குடியில் ஒரு வீட்டுக்குப் பலகாரத் தட்டு போனால் அது வெறுமனே திரும்பாது. கொடுக்க ஒன்றும் இல்லாத நேரத்தில் ஒரு கை சீனியாவது அள்ளிப் போட்டுத்தான் தட்டைத் தருவார்கள். இந்தப் பழக்கம் சருகணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தான் கொண்டுவந்தது என்பார் எங்கள் அப்பத்தா. இல்லை, செட்டிநாட்டு வழமை என்பார் பக்கத்து வீட்டு ஆச்சி. இரண்டு பேரும் முப்பது வருஷம் இதற்காக வழக்காடினார்கள். அந்த முப்பது வருஷமும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுத் தட்டு அங்கே போனது. பிள்ளையார் நோன்புக்கு அதே தட்டு பொரியும் கருப்பட்டிப் பணியாரமுமாய் வந்து சேர்ந்தது.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் வீடுகளில் தொடங்குவார்கள். பர்மாத் தேக்குத் தூண்கள், கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளும் கட்டுகள். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் டிசம்பர் மாதத்துக் காரைக்குடி எனக்குத் தட்டுகளாகத்தான் கண்ணில் நிற்கிறது.

திருச்சியிலிருந்தும் சரி, மதுரையிலிருந்தும் சரி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வானம் பார்த்த பூமி. நகரத்தார் என்கிற செட்டியார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போய்ச் சம்பாதித்து எழுப்பிய ஊர். 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனாலும் கல்லுக்கட்டிக்குக் கடைக்குப் போகிறவர்கள் இன்னும் பத்துப் பேரிடமாவது நின்று பேசிவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள்.

கோயில் ஊர் இது. கொப்புடையம்மனும் முத்துமாரியம்மனும் பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் சூழ்ந்த இடத்தில் கத்தோலிக்கர்கள் எப்படி வந்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. தென்கிழக்கே போனால் பதில் கிடைக்கும். தேவகோட்டை தாண்டி, சருகணி, அப்புறம் இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, பண்டாரசாமியாக இந்தச் சீமையில் நடந்த போர்ச்சுகல் நாட்டு அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம் ஓரியூர். 1947இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். சருகணிக் கோயிலுக்கு மானியம் விட்டவர்கள் மருது சகோதரர்கள். அதே சருகணியில்தான் பிரான்சு நாட்டு இயேசு சபைக் குரு லெவே சாமியின் கல்லறை இருக்கிறது. 1973இல் இறந்தவர். இறை ஊழியர் என்று திருச்சபை அவரை அழைக்கிறது. எங்கள் அப்பத்தாவுக்கு அவர் வெறும் ‘சாமி’. கையில் வந்ததைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாத சாமி என்பார்.

அந்தக் கிராமங்களில் மழை பொய்த்த வருஷங்களில் வண்டி ஏறியவர்கள் பலர். எங்கள் தாத்தாவும் அப்படித்தான் காரைக்குடிக்கு வந்தார். அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் கற்றுக்கொண்ட ஒரு வார்த்தைதான் இன்றுவரை எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸை நடத்துகிறது. மகமை.

நகரத்தார் கணக்குப் புத்தகங்களில் மகமை என்று ஒரு பற்று உண்டு. வரவில் ஒரு பங்கைத் தர்மத்துக்கென்று முதலிலேயே எழுதி ஒதுக்கிவிட வேண்டும். செலவெல்லாம் போக மிஞ்சியதைக் கொடுப்பது அவர்களிடம் வழக்கமில்லை. கோயில் திருப்பணிகளும் சத்திரங்களும் பாடசாலைகளும் ஊருணிகளும் இப்படி ஒதுக்கிய காசில் எழுந்தவை. இந்த ஊரில் கொடை என்றால் அளவும் பெரிது. சிக்ரி என்று நாங்கள் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கணக்கப்பிள்ளை சம்பளத்தில் அப்பாவால் ஏக்கர் கொடுக்க முடியாது. ஆனால் பற்று எழுத முடியும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று பூசை முடிந்து வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டில் சிலுவை போட்டு, அதன் கீழே ‘மகமை’ என்று எழுதுவார். பக்கத்தில் ஒரு பால் டின். நான்கு வாரமும் வீட்டில் வருகிற காசு எதுவானாலும் டின்னைத் தொட்டுத்தான் உள்ளே போகும். புதுத்துணி எடுப்பது அதற்கு அப்புறம்.

இன்றைக்கு நோட்டை எழுதுவது நான். பள்ளி ஆசிரியையான எனக்கு டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வு; விடைத்தாள் கட்டுகள் சாப்பாட்டு மேசையில் குவிந்திருக்கும். என் வீட்டுக்காரர் சுற்றுலாக் கார் ஓட்டுகிறார். வெளிநாட்டுக்காரர்கள் கானாடுகாத்தான் அரண்மனை பார்க்க வருவதும் இந்த மாதம்தான். இருபத்து நான்காம் தேதி இரவு எட்டு மணி வரை அவருக்குச் சவாரி இருக்கும். தங்கை நர்ஸ், அவளுக்கு எந்த நேரத்துப் பணி விழும் என்று கடைசி நாள் வரை தெரியாது. இத்தனைக்கும் நடுவில் திருவருகைக் கால மெழுகுவர்த்தி ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று கூடும், அன்பியம் என்கிற பங்குக் குழுவினர் பஜனைக்கு வருவார்கள், பையன்கள் நட்சத்திரத்துக்கு ஒயர் இழுப்பார்கள். நேரம் இல்லை என்று எந்த வருஷமும் எதையும் விட்டதில்லை. விட்டுவிட்டால் எதுவும் நின்றுபோகும் என்கிற பயம் எனக்கு உண்டு.

குடில் வேலை பதினைந்து நாளைக்கு முன்பே தொடங்கிவிடும். தட்டையான மண்சட்டிகளில் கேழ்வரகு தூவி, தினமும் தண்ணீர் தெளித்து முளைக்க விட வேண்டும். கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சை நிற்கும். அதுதான் எங்கள் பெத்லகேம் வயல். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையுமாக முதல் குடிலை அமைத்தார் என்று மறைக்கல்வியில் சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் குடிலில் தரை ஆத்தங்குடிக் கல். வீடு இடித்த இடத்தில் அப்பா பொறுக்கி வந்த உடைந்த துண்டுகள், பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக. பாதை மட்டும் ஓரியூர்ச் செம்மண். பிப்ரவரித் திருவிழாவுக்குப் போகும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்து அதற்கென்று வைத்துவிடுவோம். மாட்டுத் தொழுவத்துக்கு எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கப் போட்டால் ஊருணி. ஊருணி இல்லாத ஊரில் குழந்தை இயேசு எப்படிப் பிறப்பார் என்று என் மகன் ஒருமுறை கேட்டான். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கிடக்கும் ஊருணிகளைப் பார்த்து வளர்கிற பிள்ளை, வேறு எப்படிக் கேட்பான்?

பலகாரம் சுடுவது இருபதாம் தேதிக்கு மேல். கேக்கும் உண்டு. சிக்ரி குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு மலையாளக் குடும்பம் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது, திராட்சையை முன்கூட்டியே ஊறப்போட்டுச் செய்கிற கறுப்புக் கேக். ஆனால் தட்டில் முதல் இடம் கைமுறுக்குக்குத்தான். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் லேசாக இருக்கும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். வறுத்த உளுந்து மாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு மணி நேரம் ஆகும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே போக, மற்ற விரல்கள் அதை வட்டமாக வளைத்துக்கொண்டே வரும். முறுக்கு கம்பிபோல் விழக்கூடாது, கயிறுபோல் விழ வேண்டும். மூன்று சுற்று எனக்கு வரும். ஐந்து சுற்று ஆச்சிக்கு மட்டும்தான் வரும். எண்ணெயில் போட்டதும் எழுகிற சலசலப்பு மெல்ல அடங்கும். அடங்கினால் வெந்துவிட்டது, நிறத்தைப் பார்க்காதே, காதால் பார் என்பார். கிறிஸ்துமஸ் முறுக்கு சுற்ற ஆச்சி எங்கள் அடுப்படிக்கே வந்துவிடுவார். “என்ன பிள்ளை, இன்னும் குடில் கட்டலையா? சாமி எங்க வந்து பொறக்கும்?” என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்.

ஆச்சி வீட்டுப் பிள்ளையார் நோன்பும் ஏறக்குறைய இதே நாட்களில்தான் வரும். கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொரு நாள் கணக்கு. புது வேட்டியிலிருந்து எடுத்த இருபத்தொரு இழையைத் திரித்து, மாவுப் பிள்ளையாரில் வைத்து, நெய்யில் ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். சின்ன வயதில் ஆவாரம்பூ வாசனைக்கு நடுவே அதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். சில வருஷம் கிறிஸ்துமஸும் நோன்பும் நெருங்கி வந்துவிடும். அப்போது இரண்டு வீட்டுத் தட்டும் வாசல்படியிலேயே எதிர்ப்படும்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆச்சி வீட்டு ஐயா எங்களுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். கண்ணதாசனின் ‘இயேசு காவியம்’. பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கவிஞர் தம் கடைசிக் காலத்தில் எழுதியது. அவர் இறந்த பிறகு 1982இல் வெளிவந்தது. “எங்க ஊர்க்காரர் உங்க சாமியைப் பாடியிருக்கார், படிச்சுப் பாருங்க” என்று அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதைக் கண்ணில் ஒற்றி, விவிலியத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பால் டின்னை உடைப்பது இருபத்திரண்டாம் தேதி. அதில் பாதி வின்சென்ட் தே பவுல் சபைக்கு. 1833இல் பாரிஸில் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது அந்தச் சபை. அவர்கள் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். ரகசியப் பை என்று பெயர். மூடிய கையை உள்ளே விட்டு மூடிய கையாகவே எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கொடையைப் பற்றி நான் அறிந்த ஏற்பாடுகளில் இதைவிட மேலானது இல்லை. உதவி பெறும் வீட்டுக்கும் இரண்டு பேராகப் போய், உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்களே தவிர, வரிசையில் நிறுத்திக் கொடுக்க மாட்டார்கள்.

வரிசையில் நிறுத்துவது எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்தேன். ஊரில் ஒரு சங்கம் பண்டிகைக்குச் சேலை கொடுத்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் கொடுத்த சேலையை ஒரு பாட்டி வாங்கும்போது போட்டோ பிடிக்கிறவர், “பாட்டி, இங்க பாரு, சிரி” என்றார். பாட்டி சேலையைப் பிடித்த கையை விடாமல் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் திரும்பிய கழுத்து இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து டின்னின் மறுபாதியை நாங்களே எடுத்துக்கொண்டு இருட்டிய பிறகு போகிறோம். அரிசி, எண்ணெய், ஒரு தட்டு பலகாரம். பலகாரம் கட்டாயம். அரிசியை மட்டும் கொண்டுபோய் வைத்தால் அது உதவி. பலகாரத் தட்டோடு போனால் பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்கள். அவர்களும் தட்டை வெறுமனே தருவதில்லை. ஒரு வீட்டில் முருங்கைக் கீரை, ஒரு வீட்டில் நாலு எலுமிச்சை.

நள்ளிரவுப் பூசைக்குச் செக்காலை சகாய மாதா கோயில். பதினொன்றரைக்குள் போனால்தான் உட்கார இடம். வானவர் கீதம் எடுத்ததும் மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்கும். குழந்தை இயேசுவைக் குடிலில் கிடத்துவார்கள். பூசை முடிந்து பாதம் முத்தி செய்ய வரிசை நிற்கும்போது அந்த வரிசையில் வேட்டி மடித்துக் கட்டிய செட்டியார்களையும் பூ விற்கிற அம்மாவையும் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களையும் பார்க்கலாம். என் வீட்டுக்காரர் அசதியில் நின்றபடியே கண் அசந்துவிடுவார். தங்கை ஆஸ்பத்திரி உடையோடு ஓடி வந்து கடைசியில் சேர்ந்துகொண்ட வருஷமும் உண்டு.

ஆச்சி இப்போது இல்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். செட்டிநாட்டில் பல பெரிய வீடுகளைப்போல அந்த வீடும் பூட்டிக் கிடக்கிறது. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பார்கள். முகப்புத் திண்ணையை ஒட்டிய அறையில் காவலுக்கு ஒரு குடும்பம் குடியிருக்கிறது. போன கிறிஸ்துமஸ் காலையில் தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கியவள், எங்கே போவது என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். கால் பழகிய வழியில் போய்விட்டது. காவல்காரர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டாள். “இருங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு அந்த நீண்ட கட்டுக்குள் போனாள். இருட்டுக்குள் வெகுநேரம் கோழி கொக்கரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து தட்டைத் தந்தாள். அதில் இரண்டு முட்டை, இன்னும் சூடு ஆறவில்லை.