எக்செல் திறந்ததும் நமது தாள் வரட்டும்

ஆசிரிய நண்பர்களுக்கும், சங்கக் கணக்கு, கடைக் கணக்கு பார்க்கும் உறவுகளுக்கும் பயன்படக்கூடிய ஒரு விஷயம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

தவணைப் பரீட்சை முடிந்தால் ஆசிரியர் அறையில் நாங்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "போன வருஷ பைல் இருக்கா?" என்பதுதான். அதைத் திறந்து, பெயர்களை அழித்து, புதிய பெயர்களைப் போடுவது பல இடங்களில் வழக்கம். போன வருடம் 38 பிள்ளைகள், இந்த வருடம் 34 என்றால் அடியில் 4 வரிகள் மிஞ்சும். கவனிக்காவிட்டால் அந்தப் புள்ளிகளும் வகுப்புச் சராசரியில் சேர்ந்துவிடும். 'சேவ் அஸ்' கொடுக்க வேண்டிய இடத்தில் 'சேவ்' அழுத்தினால் போன வருடப் பதிவே போய்விடும்.

இதற்கென்றே இருப்பதுதான் டெம்ப்ளேட், அதாவது மாதிரித் தாள். அதைத் திறந்தால் பெயரிடாத புதிய பிரதி ஒன்று வரும். மூலம் அப்படியே இருக்கும். அதிலும் ஒன்றை 'டீஃபால்ட்' ஆக்கிவிட்டால், புதிய தாள் திறக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அமைத்தபடியே வரும்.

அதில் என்ன வைக்கலாம்?

முதலாவது எழுத்துரு. பாமினியில் அடித்த பெயர், பாமினி இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். 'செல் ஸ்டைல்ஸ்' பகுதியில் 'நோர்மல்' என்பதை மாற்றி, நிர்மலா யூஐ போன்ற யூனிகோட் எழுத்துருவை வைத்துவிடுங்கள்.

இரண்டாவது தாள் அளவு. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி 'லெட்டர்' அளவைக் காட்டும். அது 216 மில்லிமீற்றர் அகலம், 279 உயரம். நமது ஏ4 தாளோ 210 அகலம், 297 உயரம். அச்சில் கடைசி நிரல் அடுத்த பக்கத்துக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏ4 என்று வைத்து, தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் வரும்படி செய்யுங்கள்.

மூன்றாவது திகதி. பிள்ளையின் வாழ்க்கையோடு சம்பந்தப்பட்டது இதுதான். அமெரிக்க அமைப்பில் 05/03/2014 என்று அடித்தால் மே 3 ஆகப் பதிவாகும். 25/03/2014 என்றால் 25ஆம் மாதம் இல்லாததால் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே பட்டியலில் சில பிள்ளைகளின் பிறந்த திகதி சத்தமில்லாமல் மாறிவிடும். அந்தப் பட்டியலைப் பார்த்துப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பினால், பின்னர் அதைத் திருத்தப் பெற்றோர்தான் அலைய வேண்டும். எனவே மாதத்தை எழுத்தில் காட்டும் வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிழை உடனே கண்ணில் படும். ஆனால் அடிப்பதை எப்படி விளங்கிக்கொள்வது என்பதைத் தீர்மானிப்பது விண்டோஸின் 'ரீஜன்' அமைப்பு. டெம்ப்ளேட் மட்டும் போதாது, அதையும் இலங்கைக்கு மாற்ற வேண்டும்.

இனிச் செய்யும் முறை. லிப்ரே ஒஃபிஸ் இலவசம், அதில் இது மிகச் சுலபம். 'பைல்' மெனுவில் 'டெம்ப்ளேட்ஸ்', அதற்குள் 'சேவ் அஸ் டெம்ப்ளேட்'. பெயர் கொடுத்து, 'மை டெம்ப்ளேட்ஸ்' என்பதைத் தெரிந்து, 'செட் அஸ் டீஃபால்ட் டெம்ப்ளேட்' என்ற கட்டத்தில் சரி போட்டுச் சேமியுங்கள்.

எக்செலில் 'சேவ் அஸ்' கொடுத்து, வகையை 'எக்செல் டெம்ப்ளேட்' என்று மாற்றுங்கள். வகையை மாற்றியதும் எக்செல் தானாக வேறு போல்டருக்குத் தாவும். ஆகவே அதற்குப் பிறகுதான் 'எக்ஸ்எல்ஸ்டார்ட்' போல்டரைத் தெரிய வேண்டும். பைலின் பெயர் ஆங்கிலத்தில் 'புக்' என்றே இருக்க வேண்டும். ஒரே ஷீட் உள்ள இன்னொரு பிரதியை 'ஷீட்' என்ற பெயரில் அங்கேயே வைத்தால், இடையில் சேர்க்கும் புதிய ஷீட்டும் அதே அமைப்பில் வரும். தொடக்கத் திரையிலுள்ள 'பிளாங்க் வர்க்புக்' இதை எடுக்காது. கன்ட்ரோலும் என்னும் சேர்த்து அழுத்துங்கள்; அல்லது 'ஒப்ஷன்ஸ்', 'ஜெனரல்' பகுதியில் தொடக்கத் திரையை நிறுத்திவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். டீஃபால்ட் தாளில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். புள்ளிப் பட்டியல், பெற்றோர் விபரம் போன்றவற்றுக்குத் தனித்தனி டெம்ப்ளேட் செய்யுங்கள். பெற்றோர் விபரத்தில் தொலைபேசி, அடையாள அட்டை நிரல்களை 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் 077இன் முதல் பூச்சியம் விழுந்துவிடும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அடையாள அட்டை எண்ணை எக்செல் சுருக்கி, நடுவில் 'ஈ' போட்டுக் காட்டும். முழுத் தாளையும் டெக்ஸ்ட் ஆக்கினால் கூட்டல் வேலை செய்யாது.

மற்றது, டெம்ப்ளேட்டில் எந்தப் பிள்ளையின் பெயரும் புள்ளியும் இருக்கக் கூடாது. போன வருட பைலை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது, மறைத்து வைத்த ஷீட்டில் வேறு பிள்ளைகளின் வீட்டு விலாசமும் சேர்ந்து போகலாம். பிள்ளைகளின் விபரம் நம்மிடம் உள்ள அமானிதம். வெறும் மாதிரித் தாளை யாருக்கும் தைரியமாக அனுப்பலாம்.

டெம்ப்ளேட் பழைய பைல்களை மாற்றாது. ஒவ்வொரு கணினியிலும் தனியாகச் செய்ய வேண்டும். ஆனால் ஒரு கணினிக்கு அதிக நேரம் எடுக்காது. அடுத்த தவணை தொடங்கும் முன் உங்கள் பாடசாலைக் கணினியில் செய்து, கணினி பழக்கமில்லாத மூத்த ஆசிரியர் ஒருவருக்கும் பக்கத்தில் இருந்து செய்து கொடுங்கள்.