எழுத்துருவில் ஸ்வஸ்திகா

முழுமையான திபெத்திய எழுத்துரு செய்பவர் யாராக இருந்தாலும் நான்கு ஸ்வஸ்திகாக்களை வரைந்தாக வேண்டும். வலம் திரும்புவது, இடம் திரும்புவது, இவ்விரண்டும் புள்ளிகளோடு. கணினியில் எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடு தரத்தின், 2009இல் வந்த 5.2ஆம் பதிப்பில் இவை திபெத்தியத் தொகுதியில் சேர்ந்தன. என்னிடம் அந்த வேலையைத் தந்தவர் கேட்டார்: “இந்த நாலையும் விட்டுவிடலாமே, ஐரோப்பாவிலும் விற்கணும் இல்லையா?” விட மறுத்தேன். திபெத்தின் போன் சமயத்தாருக்கு இடம் திரும்பும் வடிவம் யுங்ட்ருங். தங்கள் சமயத்தை அவர்கள் யுங்ட்ருங் போன் என்றே சொல்கிறார்கள். அவர்களுடைய நூலைக் கணினியில் திறக்கும்போது அந்த இடத்தில் வெற்றுக் கட்டம் தெரிந்தால் பிழை எழுத்துரு செய்தவருடையது.

சீன எழுத்துகளின் தொகுதியில் இதே வடிவங்கள் யூனிகோடின் தொடக்கக் காலத்திலேயே இடம்பெற்றுவிட்டன. ஜப்பானிய வரைபடங்களில் பௌத்தக் கோயிலுக்கு இவற்றில் ஒன்றுதான் குறி.

2003 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் மன்னிப்புக் கேட்டது இந்த வடிவத்துக்காகத்தான். ஆஃபீஸ் 2003உடன் போன ஒரு குறியீட்டு எழுத்துருவில் ஸ்வஸ்திகா இருந்தது. அதை நீக்கியது சரியே என்று நினைக்கிறேன். குறிகளின் நடுவே, சூழல் ஏதுமின்றி, நாஜி முகாமில் உறவுகளை இழந்த ஒருவர் முன் அது ஏன் வந்து நிற்க வேண்டும்? ஆனால் அந்த நீக்கம் தொட்டது ஓர் எழுத்துருவை மட்டுமே. குறியெண்கள் அப்படியே இருக்கின்றன. யூனிகோடில் ஒருமுறை சேர்ந்த எழுத்தை நீக்க முடியாது, பெயரைக்கூட மாற்ற முடியாது. ஆகவே யோசனையெல்லாம் சேர்ப்பதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.

என் அளவுகோல் ஒன்றுதான்: மனிதர்கள் அதை வரிக்குள் எழுதினார்களா? கொடியில் சாய்த்துவைத்த நாஜிச் சின்னம் வரிக்குள் வருவதில்லை. அதற்குக் குறியெண் தேவையில்லை.

இந்த அளவுகோல் திணறும் இடமும் உண்டு. நாஜி ஆட்சிக் காலத் தட்டச்சுப் பொறிகள் சிலவற்றில் எஸ்எஸ் படையின் இரட்டை மின்னல் குறிக்குத் தனி விசையே இருந்தது. அலுவலகக் கடிதங்களில் அது வரிக்குள்ளேயே கிடக்கிறது. அந்தக் கடிதங்களைப் படியெடுக்கும் ஆய்வாளருக்கு, தட்டச்சர் சாதாரண எழுத்தை அடித்தாரா, அந்தத் தனி விசையைத் தட்டினாரா என்ற வேறுபாடு முக்கியம். அதை மழுப்பினால் ஆவணம் கெடும். ஜெர்மனியில் இத்தகைய சின்னங்களைத் தடைசெய்யும் சட்டமே ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு அளிக்கிறது. ஆனாலும் புதுக் குறியெண் வேண்டாம் என்பேன். எஸ்எஸ் எடுத்தாண்டது பழைய ஜெர்மானிய மக்களின் ரூனிக் எழுத்து ஒன்றின் வடிவத்தை. அந்த எழுத்து 1999 முதல் யூனிகோடில் இருக்கிறது. இரண்டை அடுத்தடுத்து இட்டு, தனி விசையில் அடித்தது என்று குறிப்பெழுதினால் ஆய்வாளரின் தேவை தீரும். படைக்கென்று தனி இடம் கொடுத்தால் அதை என்றைக்கும் திரும்பப் பெற முடியாது. ரூனிக் எழுத்தையே விலக்கியிருந்தாலோ, நாஜிகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்த கல்வெட்டுகளைப் படியெடுக்க வழியிருந்திருக்காது.

எழுத்துரு செய்பவரின் கையிலும் பொறுப்பு இருக்கிறது. மென்பொருள் எல்லா வடிவங்களையும் தானாகச் சாய்த்துத் தரும் சாய்வெழுத்திலும் ஸ்வஸ்திகாவை நான் நிமிர்த்தியே வைக்கிறேன். நாற்பத்தைந்து பாகை திருப்பிய மாற்று வடிவம் கேட்டால் தர மாட்டேன்.

குறியெண்களைப் பட்டியலிட்டு இணையத்தில் வெறுப்பைத் தடுத்துவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இன்றைய நாஜி ஆதரவாளர்கள் ‘ஹைல் ஹிட்லர்’ என்பதற்கு, H எட்டாம் எழுத்து என்பதால், 88 என்று எழுதுகிறார்கள். எட்டு என்ற எண்ணை யாரும் தடுக்கப்போவதில்லை. பட்டியல் பிடிப்பது கோயில் முகவரியையும் போன் சுவடியையும்தான். கொடியின் படம் அதில் சிக்காமல் போய்விடும். வெறுப்பைத் தடுக்க ஆளை அமர்த்தி, அந்தந்த மொழி தெரிந்தவரைக் கொண்டு வாசித்துப் பார்க்க வேண்டும். அதற்குச் செலவாகும். அந்தச் செலவை மிச்சப்படுத்த எழுத்துருவில் ஓட்டை போடச் சொன்னால் சம்மதிக்க மாட்டேன்.