சலிக்கும் அறையின் தூசு

பதுளை நகரின் ஓரத்திலுள்ள என் வீட்டின் பின்புறம் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை உண்டு. லயன் காம்பரா ஒன்றின் அளவுதான். செய்திப் பணிக்கிடையே கிடைக்கும் ஓய்வில் அங்கே கிரவில்லியாப் பலகையில் அலுமாரி, முக்காலி என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். பேனா பிடித்தவருக்கு எதற்கு உளி என்று மனைவி கேட்பதுண்டு.

சென்ற ஆண்டு ஓர் இருமல் வந்து மூன்று மாதமாகப் போகவில்லை. ஒரு மாலை, வேலை முடிந்து ஒரு மணி நேரமான பின்பும், ஜன்னல் வழியே சாய்ந்த வெயிலில் பொடி மிதந்துகொண்டிருந்தது. இதே காட்சியை நான் சிறுவயதில் கண்டிருக்கின்றேன்.

என் தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் பகுதியில் வேலை செய்தவர். பகற்சோறு கொண்டுபோகும்போது பார்ப்பேன். சல்லடைகள் குலுங்கி பிஓபி, டஸ்ட் என்று தேயிலை பிரியும். பஞ்சு போன்ற தூசு எழுந்து உத்தரம் வரை படிந்திருக்கும். விலைபோகும் டஸ்ட் பெட்டிக்குள் போயிற்று, விலைபோகாத தூசு அவரிடம் வந்தது. வாயில் கட்டிய துண்டுதான் காவல். இரவெல்லாம் இருமுவார், விடிந்தால் வேலைக்குப் போய்விடுவார். போகாவிட்டால் பேர் விழாதே! தேயிலைத் தூசு ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும் என்பது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. அவருடைய இருமலுக்கு எந்த வைத்தியரும் காரணம் எழுதித் தரவில்லை.

மரத்தூசும் சாதுவானதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதலாம் பிரிவில் சேர்த்தது. மூக்குக்குழியே முதலில் பாதிக்கப்படுமிடம். தும்புத்தடியால் கூட்டக்கூடிய சுருளும் தூளும் அவ்வளவு கெடுதியில்லை. 10 மைக்ரோனுக்கும் குறைந்த, கண்ணுக்குத் தனித்துத் தெரியாத துகள்தான் நுரையீரலின் ஆழத்துக்குச் செல்கின்றது. கூட்டுவது அதைக் கிளப்பிவிடும் வேலை. இதை அறியாமல் பத்தாண்டு கூட்டியிருக்கின்றேன்.

வக்கியூம் கிளீனர் ஒன்றை வாங்கினேன். அதற்கும் வாளுக்கும் நடுவே, மூடியில் சுழற்கூம்பு பொருத்திய வாளி. காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழல, கனமான தூள் சுவரில் மோதி வாளிக்குள் விழும். மெல்லிய தூசு மட்டுமே வடிகட்டிக்குப் போகும். முதல் நாள் குழாய் அடைத்தபோது வாளி 'டப்' என்று சப்பளிந்துவிட்டது. மெல்லிய வாளி உறிஞ்சலைத் தாங்காது. தடித்த பிளாஸ்டிக் பரலுக்கு மாறினேன். குழாயைக் குட்டையாக்கி, வளைவுகளைக் குறைத்து, மூட்டுகளில் டேப் சுற்றினேன். கிளீனருடன் வந்த துணிப்பையை எறிந்தேன். மிக மெல்லியதை அது திரும்ப அறைக்குள்ளேயே ஊதுகின்றது. பதிலுக்கு ஹெப்பா வடிகட்டி; வரவுசெலவில் அதுவே கனம்.

மிஞ்சுவதை வெளியேற்ற மேற்கு ஜன்னலில் மின்விசிறி வைத்தேன். ஆடியில் கச்சான் அடிக்கும் என்பதை ஊவாவில் பிறந்தவன் மறக்கலாமா? அத்தனையும் திரும்பி வந்தது. கிழக்குப் பக்கம் மாற்றினேன். மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா வேலியருகே வந்து நின்றார்.

"ஐயா, ஒங்க மரத்தூளெல்லாம் எங்க துணியிலதான் கெடக்கு."

அவர் வீட்டில் கைக்குழந்தை உண்டு. அந்தக் கொடியில் காய்ந்தவை அதன் துணிகள். என் இருமலை வேலி தாண்டி அனுப்பியிருக்கின்றேன்! வெட்கமாக இருந்தது. விசிறியின் வாயிலும் வடிகட்டி பொருத்தினேன். அக்கா துணி எடுத்த பின்பே அதை ஓடவிடுகின்றேன்.

இப்போது வேலை முடிந்ததும் விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒளிக்கற்றையில் இன்னும் கொஞ்சம் மிதக்கின்றது. விசிறியை அரைமணி நேரம் ஓடவிட்டு, வெளியே வந்த பின்பே முகமூடியைக் கழற்றுகின்றேன்.