மலைக்குக் கொண்டு போகும் பை

பாடசாலை விடுமுறை விட்டதும் கண்டி, அக்குறணை, மடவளைப் பக்கங்களில் வாடகை வேன் கிடைப்பது அரிதாகிவிடும். முன்பெல்லாம் பேராதனைப் பூங்கா, அதைவிட்டால் நுவரெலியா என்று போய் வருவோம். இப்போது பிள்ளைகள் நக்கிள்ஸ் மலைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். சிங்களவர் தும்பர மலை என்று சொல்லும் அந்தத் தொடர், தூரத்திலிருந்து பார்த்தால் மடக்கிய கையின் முட்டிகளைப் போலத் தெரியும். ஆங்கிலேயர் அதனால்தான் இந்தப் பெயரை வைத்தார்கள். 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மத்திய மலைநாட்டுக் காடுகளில் இதுவும் ஒன்று. அதன் மிக உயர்ந்த சிகரமான கொம்பானிய 1,906 மீற்றர். கண்டி நகரம் இருப்பதோ ஏறத்தாழ 500 மீற்றரில். நம் வீட்டு வாசலில் வெயில் அடிக்கிறது என்பதால் அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. அந்தத் தவறைச் செய்தவன் நான்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பெப்ரவரி மாதம் புறப்பட்டோம். நாங்கள், மச்சான் குடும்பம், மாமி என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். மாமிக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். காலையில் இன்சுலின் ஊசி போடுபவர். முதல் நாள் இரவு முழுவதும் வீட்டில் சமையல். ஒரு பெரிய சட்டி புரியாணி, கோழிப் பொரியல், வட்டிலப்பம், இரண்டு சஹன் தட்டு! சுபஹுக்குப் பிறகு சாமான் ஏற்றும்போது சட்டிக்கு இடம் போதவில்லை. ஆசனத்துக்கடியில் இருந்த ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து வீட்டு வாசலில் வைத்தேன். "ஒரு நாள் பயணம்தானே, எதற்கு இத்தனை பை?" என்று பெண்களைக் கடிந்தும் கொண்டேன்.

திகனையைத் தாண்டும்போது மாமி பேச்சை நிறுத்திவிட்டார். 2018 மார்ச்சுக்குப் பிறகு அந்த வழியில் போகும்போதெல்லாம் அவர் அப்படித்தான். பழைய தெல்தெனிய நகரத்தை மூழ்கடித்துக்கொண்டு 1985இல் நிறைந்த விக்டோரியா நீர்த்தேக்கம் வலப்பக்கம் தெரிந்தது. ஹுன்னஸ்கிரியவில் மஹியங்கனைப் பாதையை விட்டுப் பிரிந்து, லூல்வத்தை வழியாக டீன்ஸ்டன் போய்ச் சேர்ந்தோம். அங்கே வன இலாகாவில் சீட்டு வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பலாம் என்று நடக்கத் தொடங்கினோம். மாமியும் "மெதுவாக வருகிறேன்" என்று கூடவே வந்தார்.

அரை மணி நேரத்தில் மூடுபனி இறங்கியது. பின்னாலேயே மழை. திரும்பும் வழி சேறாகிவிட்டது. பிள்ளைகளின் கால்களில் அட்டை ஏறி ஒரே கூச்சல். ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. லுஹர் நேரம் தாண்டி, சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. பாதைக்கு வந்து சேர்ந்தபோது மாமியின் கை நடுங்கியது. அந்தக் குளிரிலும் வியர்த்தது. மகளைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டார்.

என் மனைவி கத்தினாள்: "உம்மாட பை எங்கே?"

நான் வாசலில் இறக்கி வைத்த பை அதுதான். குளுக்கோஸ், பிஸ்கட், சீனி பார்க்கும் மெஷின், மாத்திரை எல்லாம் அதில்தான் இருந்தன. வேன் இன்னும் தூரத்தில் நின்றது. கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. பாதையோரத்தில் ஒரு சிறிய வீடு. சத்தம் கேட்டு வெளியே வந்த சிங்களத் தாய் ஒருவர், ஒன்றும் கேட்காமல் உள்ளே ஓடிப்போய் கித்துள் கருப்பட்டித் துண்டும் சுடச்சுடப் பிளேன்டீயும் கொண்டு வந்தார். கருப்பட்டியை நொறுக்கி வாயில் வைத்து, தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தோம். பதினைந்து நிமிடத்தில் மாமி எங்கள் எல்லோரையும் அடையாளம் கண்டார். அல்ஹம்துலில்லாஹ். அன்றைய புரியாணியை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இவ்வளவுக்கும் நான் வகுப்பில் இப்னு பதூதாவின் ரிஹ்லாவைப் பாடம் நடத்துகிறவன்! 1352இல் ஸஹாராவைக் கடக்குமுன் அவர் சிஜில்மாஸாவில் ஒட்டகங்களை வாங்கி, அவற்றுக்கு நாலு மாதத் தீனி போட்டுத் தயார் செய்ததை மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறேன். அதற்கு எட்டு வருடம் முன்பு, 1344இல், அவர் நம் நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறினார். வழியில் அட்டைகள் மனிதர் மேல் தாவுவதையும், மக்கள் அதற்கென்றே எலுமிச்சை வைத்திருந்து பிழிவதையும் எழுதுகிறார். அந்தப் பழத்தைப் பயன்படுத்தாமல் அலட்சியமாக இருந்து உயிரிழந்த ஒருவரைப் பற்றிய செய்தியும் அதில் உண்டு. பாலைவனத்துக்குத் தண்ணீர், நம் மலைக்குத் தேசிக்காய். அறுநூற்றி எண்பது வருடத்துக்கு முன் வந்த மொரோக்கோக்காரருக்குத் தெரிந்தது, கண்டியில் பிறந்த எனக்குத் தெரியவில்லை.

கடந்த வருடம் மறுபடியும் போனோம். இம்முறை சாமான் கட்டும் பொறுப்பை மனைவியும் மகளும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வேனைக் கழுவும் வேலை மட்டும்தான். அவர்கள் கட்டியதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

முதலில் கட்டியது மாமியின் பைதான். அதை வேனில் போடவில்லை, மகள் தோளில் மாட்டிக்கொண்டாள். வேனில் இருக்கும் மருந்து நடக்கிறவருக்கு உதவாது. ஊசி போட்டால் சாப்பாட்டைத் தள்ளிப் போடக் கூடாது என்பதால், ஒவ்வொருவர் கையிலும் பாணும் சீனிச் சம்பலும் தனித்தனிப் பொதியாக இருந்தன. பெரிய சட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது.

அடுத்தது காய்ந்த உடுப்பு. நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அந்த மலைக் காற்றில் சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் விறைத்துப் போவார்கள். ஆளுக்கொரு மாற்றுடுப்பு, ஒரு கம்பளி மேலாடை, தலைக்கு இன்னொரு முந்தானை என்று தண்ணீர் புகாத பையில் இறுக்கிக் கட்டினார்கள். பொலித்தீன் பைகளைக் காட்டில் விட்டுவரக் கூடாது, எண்ணிக் கொண்டு போய் எண்ணிக் கொண்டு வாருங்கள். நிலத்தில் இழுபடும் அபாயா சேற்றிலும் முள்ளிலும் மாட்டும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் தளர்ந்த மேலாடையும், உள்ளே நீளக் காற்சட்டையும் மறைவுக்கும் குறைவில்லை, நடைக்கும் சுகம்.

அட்டைக்குக் காலுறை கடையில் விற்கிறார்கள். மகள் வீட்டிலேயே தைத்தாள். நெருக்கமாக நெய்த கெட்டித் துணியில், முழங்கால் வரை, மேலே நாடா போட்டு. காற்சட்டையை அதற்குள் விட்டுக் கட்டிவிட வேண்டும். வெளியே சவர்க்காரமும் தேசிக்காய்ச் சாறும் பூசினால் அட்டை ஏறத் தயங்கும். கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுங்கள். அதன் எச்சில் இரத்தத்தை உறைய விடாது. ஆகவே கொஞ்ச நேரம் வடியும், பயப்பட வேண்டாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுக்கிறவர்கள் மட்டும் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சப்பாத்து கட்டாயம். சருகுக்குள் சருகாகக் கிடக்கும் விரியன்கள் அங்கே உண்டு. செருப்போடு போகும் இடமல்ல.

தொழுகையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் என்னிடம் கேட்பது அதுதான். கண்டியிலிருந்து மீமுரே கிராமம் வரை போனாலும், நம் ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ர் செய்வதற்குரிய ஏறக்குறைய 81 கிலோமீற்றர் வராது. நேரத்துக்கு முழுமையாகத்தான் தொழ வேண்டும். தண்ணீர் ஓடும் மலையில் தயம்முமுக்கும் இடமில்லை. ஆனால் வுழூச் செய்யப் பிள்ளைகளை ஓடைப் பாறைக்கு அனுப்பாதீர்கள். பாசி வழுக்கும், மேலே மழை பெய்தால் நீர் திடீரென்று ஏறும். ஐந்து லீற்றர் கேன் ஒன்றும் சின்னக் கோப்பையும் போதும். முஸல்லாவுக்குக் கீழே விரிக்க ஒரு தார்ப்பாய் வேண்டும். மூடுபனியில் சூரியன் தெரியாது, ஆகவே திசைகாட்டி. கிப்லா நமக்கு மேற்கிலிருந்து சற்று வடக்கே. மலைக்குப் பின்னால் வெயில் மறைந்ததை மஃரிப் என்று எண்ணிவிட வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள்.

இரவு தங்குவதானால் வன இலாகாவின் அனுமதி வேண்டும், நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. நாங்கள் தங்கவில்லை. டோர்ச் மட்டும் இரண்டு எடுத்துக்கொண்டோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும், ஆனால் சிக்னல் எங்கே கடைசியாகக் கிடைக்கிறது என்பதைப் போகும்போதே பார்த்து வையுங்கள்.

இம்முறை மாமி நடக்கவில்லை. கோர்பட்ஸ் கணவாயில் பாய் விரித்து உட்கார்ந்து, கீழே மீமுரேப் பள்ளத்தாக்கையும் லக்கேகலச் சிகரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் அந்த வீட்டருகே வேனை நிறுத்தச் சொன்னார். ஒரு பெட்டி ஈத்தம்பழத்தை அவரே இறங்கிக் கொண்டு போய்க் கொடுத்தார். இருவரும் படியில் உட்கார்ந்து வெகு நேரம் பேசினார்கள். மாமிக்குச் சிங்களம் அரைகுறை. அந்தத் தாய்க்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. வரும்போது மாமியின் கையில் வாழைச் சருகில் சுற்றிய ஒரு கருப்பட்டிக் கட்டி இருந்தது. "இது என்ட பையில இருக்கட்டும்" என்றார்.