முடி சாய்த்த இறைவனும் பள்ளிப் பிள்ளைகளும்

வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் அமைந்த திருத்தலம் விரிஞ்சிபுரம். அங்கே எழுந்தருளியிருக்கும் மார்க்கபந்தீசுவரரின் இலிங்கத் திருமேனி சற்றே சாய்ந்திருப்பதைத் தரிசித்தவர்கள் அறிவார்கள். அதற்குத் தல புராணம் ஒரு காரணம் சொல்கிறது. பிரம்மதேவன் சிவசர்மன் என்னும் பெயரில் அவ்வூரில் அர்ச்சகர் மகனாகப் பிறந்தான். இளமையிலேயே தந்தையை இழந்தான். பிள்ளை சிறுவன் என்பதைக் காட்டிப் பூசை உரிமையைக் கவர்ந்துகொள்ளச் சுற்றத்தார் முனைந்தனர். செய்வதறியாத தாய் இறைவனிடம் முறையிட்டாள். முதியவர் வடிவில் வந்த பெருமானே சிறுவனுக்கு உபநயனமும் சிவதீட்சையும் செய்வித்தார். மறுநாள் திருமுழுக்காட்டச் சென்ற சிறுவனுக்கு இலிங்கத்தின் முடி எட்டவில்லை. இறைவன் தம் முடியைச் சாய்த்துக் கொடுத்தார்.

இதை அருளின் கதையாகவே எல்லோரும் சொல்வது வழக்கம். கல்வியின் கதையாகவும் இதைக் கேட்கலாம். அந்தத் தாய்க்கு மந்திரம் தெரியாது. யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. கற்பிக்க வந்தவரோ பிள்ளையின் உயரத்துக்குத் தாம் குனிந்தார்.

ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் பிள்ளைக்குத் தேவைப்படுவதும் ஏறக்குறைய இவ்விரண்டுதான். ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஓர் ஆசிரியரே எல்லாப் பாடங்களையும் நடத்துகிறார். ஆறிலிருந்து பாடத்துக்கு ஓர் ஆசிரியர். கணக்கில் எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. அறிவியலில் புதுப்புதுப் பெயர்கள். வரலாற்றில் வரிசையாக ஆண்டுகள். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து வாய்பாடு ஒப்பிக்கக் கேட்ட பெற்றோர், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நீயே படித்துக்கொள்” என்று விலகிவிடுகிறார்கள். பிள்ளை தனியாக நிற்பது அன்றைக்குத்தான்.

ஆற்காடு, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இந்தத் தனிமை இன்னும் கூடுதல். விடிந்ததும் ஷூ கம்பெனிப் பேருந்து ஊர்முனையில் வந்து நிற்கும். தாய் அதில் ஏறிப் போனால், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் இருப்பார். வீடும் பிள்ளையும் தாத்தா பாட்டியின் பொறுப்பு. ஆகவே, பெற்றோர் செய்ய வேண்டியவை என்று எழுதினாலும் அதைப் படித்துச் செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்களே.

எட்டாம் வகுப்பு வரை தமிழகத்தில் எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடுதான். பிஞ்சு மனம் நோகாமல் காக்கிறது. ஆனால், ஆறாம் வகுப்பில் விட்டுப்போன பாடம் எட்டு வரை யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கவும் அது இடம் தருகிறது. ஒன்பதில் அது தலைகாட்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கையை விரிக்கும். பதினான்கு வயதில் கணக்கோடு உறவை முறித்துக்கொண்ட பெண், பதினெட்டில் அதே பேருந்தில் தாயின் பக்கத்து இருக்கையில் உட்காருவாள். அந்த வேலை எவ்வகையிலும் தாழ்ந்ததன்று; ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில் அது. வேறு வழி திறந்திருந்தும் அதைத் தேர்ந்தால் மகிழ்ச்சி. வேறு வழியே இல்லாமல் போய்ச் சேர்வதுதான் வருத்தம்.

ஆம்பூரை அடுத்த ஒரு சிற்றூரில் இப்படியொரு வீடு. பாட்டி மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பேத்தி இப்போது எட்டாம் வகுப்பு. அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதது. பாட்டி ஏசவில்லை. “எனக்குச் சொல்லிக் குடு கண்ணு, இன்னா போட்டிருக்குது அதுல?” என்று கேட்டார்.

“எக்ஸுன்னு போட்டிருக்குது ஆயா. அது எவ்ளோன்னே தெரியாதாம். தெரியாததை எப்படிப் பெருக்கறது?”

கார்த்திகை தீபம் நெருங்கிய நேரம் அது. பாட்டி சற்று யோசித்தார். “கோயிலுக்கு வர்றவங்க ஆளுக்கு ரெண்டு அகல் ஏத்தணும். எத்தினி பேர் வருவாங்கன்னு இப்பத் தெரியாது. வர்றவங்க எத்தினியோ, அதுக்கு ரெண்டு மடங்கு அகல் வாங்கி வைக்கணும். அந்த மாதிரியா?”

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. “அதான் ஆயா. ரெண்டு எக்ஸ்.”

இயற்கணிதம் என்ற சொல்லைப் பாட்டி அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டிருக்கவும் வேண்டியதில்லை. பிறருக்குச் சொல்ல முற்படும்போதுதான் எது புரிந்தது, எது புரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரிகிறது. படிக்காத பாட்டி இதற்குப் படித்த தாத்தாவைவிடப் பொருத்தமானவர் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. படித்தவர் பாதியிலேயே குறுக்கிட்டு விடையைச் சொல்லிவிடுகிறார்!

எட்டாம் வகுப்பு அறிவியலில் அமிலங்களும் காரங்களும் ஒரு பாடம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எல்லா வீட்டிலும் தெரிந்த செய்தி. சுண்ணாம்பு காரம், மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்கும் நிறங்காட்டி. மணமக்களுக்கும் பிள்ளை பெற்று வீடு திரும்பும் மகளுக்கும் சுற்றிய தட்டிலேயே அந்தப் பாடம் இருக்கிறது. அதே தட்டில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்புவதையும் பிள்ளை செய்து பார்த்தது.

அந்த வீட்டில் அதற்குமேலும் ஒன்று நடந்தது. பாடத்தில் பினாப்தலீன் என்ற பெயர் வந்தது. பிள்ளை அதை வாய்விட்டுப் படித்தபோது, வேலை முடிந்து வந்து திண்ணையில் களைத்துக் கிடந்த தந்தை எழுந்து உட்கார்ந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை நீக்குவார்கள். பிறகு அந்தச் சுண்ணாம்பைத் தோலிலிருந்து போக்க வேண்டும். போயிற்றா என்று அறியத் தோலின் தடித்த பகுதியில் ஓர் ஓரத்தை வெட்டி, வெட்டிய முகத்தில் இந்த மருந்தில் ஒரு சொட்டு விடுவார்கள். இளஞ்சிவப்பு தோன்றினால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. நிறம் தோன்றாவிட்டால் அடுத்த வேலை. உப்பும் அமிலமும் கலந்த நீரில் தோலை இடுவார்கள். பல ஆண்டுகளாகத் தம் கையால் அவர் செய்துவரும் வேலை இது. தம் தொழில் மகளின் புத்தகத்தில் அச்சாகி இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. அன்று ஒரு மணி நேரம் அவர்தான் ஆசிரியர்.

பிள்ளை அதோடு விடவில்லை. அந்தத் தண்ணீரெல்லாம் பிறகு எங்கே போகும் என்று கேட்டது. பாலாறு கெட்ட கதையையும், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் குறித்துத் தீர்ப்பு வழங்கியதையும், அதன்பின் கழிவுநீரைச் சுத்திகரிக்கக் கட்டுப்பாடு வந்ததையும் தந்தை மழுப்பாமல் சொன்னார். சங்கடமான கேள்விதான். அதட்டி வாயடைத்திருந்தால் அதுவே அந்தப் பிள்ளை கேட்ட கடைசிக் கேள்வியாகியிருக்கும்.

வரலாற்றுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. வேலூர்க் கோட்டைக்குள் 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, காதணி அணியக்கூடாது, தோலில் செய்த குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற கட்டளைகள் அவர்களைக் கொதிக்க வைத்தன. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி அன்றே எழுச்சியை அடக்கினான். புத்தகத்தில் இவ்வளவும் உண்டு. அதே கோட்டையில் சலகண்டேசுவரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்ததையும், சத்துவாச்சாரியில் இருந்த இலிங்கத் திருமேனி 1981 மார்ச் 16 அன்று மீண்டும் கோட்டைக்குள் எழுந்தருளியதையும் சொல்லப் பாட்டிதான் வேண்டும். அப்போது புதிதாக மணமாகி வந்தவர் அவர்; கூட்டத்தில் முண்டியடித்துத் தரிசித்ததை இன்றும் மெய்சிலிர்க்கச் சொல்கிறார். 1806ஐ மறக்கும் பிள்ளைக்கு 1981 மறக்கவில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதற்குப் போக வழி கிடைத்துவிட்டது. விரிஞ்சிபுரம் கோயிலில் காலம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாக எண்கள் பொறித்திருப்பார்கள். குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்ணே நேரம். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் பிரசாதம் வாங்கும் அவசரத்தில் அதைக் கடந்துவிட வேண்டாம்.

படிப்பு நடுவில் தடைப்பட்டால் எல்லாம் முடிந்தது என்று கலங்கும் வீடுகளுக்கு ஒரு செய்தி. வாலாசாவை அடுத்த வேலம் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் மு.வரதராசனார். திருவேங்கடம் என்பதே அவருடைய இயற்பெயர். தாத்தாவின் பெயரே நிலைத்துவிட்டது. திருப்பத்தூரில் உயர்நிலைப் படிப்பை முடித்து, தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, உடல்நலம் குன்றி வேலையை விட்டவர். பிறகு தாமே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராக வந்தார். மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக உயர்ந்தவரும் அவரே.

டியூஷனுக்குப் பணம் கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. டியூஷன் தவறில்லை. அங்கிருந்து வரும் பிள்ளையிடம் “எவ்வளவு மார்க்?” என்று மட்டும் கேட்பதுதான் வீண். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை இழுப்பது அதைவிடக் கேடு. விளக்கு வைத்தபின் அரை மணி நேரம் தொலைக்காட்சித் தொடரை நிறுத்திவிட்டு, “இன்றைக்கு எது புதிதாக வந்தது?” என்று கேட்டால் போதும். ஆங்கிலம் தெரியாத பாட்டியும் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். எங்கே திக்குகிறது என்பது காதுக்குத் தெரியும்.

பள்ளிக்கும் போக வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரோ காப்பாளரோ ஆவர்; உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். நம் குரலுக்கு அங்கே இடம் உண்டு. ஆம்பூர்ப் பாட்டி குழுவில் இல்லை. மருமகளுக்கு விடுப்புக் கிடைக்காததால் பெற்றோர் கூட்டத்துக்கு அவரே போனார். கணக்கு ஆசிரியையிடம் ஒரே கேள்வி: “எங்க பொண்ணு எந்த எடத்துல தடுக்கி நிக்கிறா டீச்சர்?”

ஆசிரியை விடைத்தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இயற்கணிதத்தில் இல்லை, பின்னத்தில்.

அரையாண்டு விடுமுறை மார்கழியில் வந்தது. பரணில் கிடந்த பழைய அளவைகளைப் பாட்டி இறக்கிக் கழுவிவைத்தார்: படி, உரி, உழக்கு, ஆழாக்கு. இரண்டு உரி ஒரு படி. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. விடியற்காலைத் திருப்பாவைப் பொங்கலுக்குப் பேத்திதான் அரிசி அளந்தாள். ஒருநாள் பானையில் மூன்று உழக்கும் ஓர் ஆழாக்கும் விழுந்தன. படியில் அது எத்தனை பங்கு என்று பாட்டி கேட்டார். பிள்ளை விரலை மடக்கியது. முதலில் தவறாகச் சொல்லி, பாட்டியின் முகத்தைப் பார்த்து, மறுபடி அளந்தது. பிறகு வாசலில் கோலமாவைக் கிள்ளி, கோலத்துக்குப் பக்கத்தில் 7/8 என்று எழுதியது.